அம்மா வாக்கிங் போயாச்சு... விசிலை யாரு எண்ணுறது?

போன வாரம் காலேஜ் பஸ்ஸோட கடைசி சீட்டுக்கு நடக்குற உலகப் போரைப் பத்தி எழுதினதுல, 'நீ எந்த ஸ்டாப்புல ஏறுவேன்னு எங்களுக்குத் தெரியும் மச்சி'ன்னு நாலு பேர் அன்பா மிரட்டியிருக்காங்க. அதனால இந்த வாரம் காலேஜ் பக்கமே தலை வைக்கலை மக்களே! எங்க வீட்டு அடுப்படிக்குள்ள பத்திரமா பதுங்கிட்டேன். மேட்டர், அம்மாவோட வெயிட்.

"இதெல்லாம் ஒரு மேட்டரா?"ன்னு அடுத்த பக்கத்துக்குத் தாவப் போறவங்க, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத் தாவுங்க. இன்னிக்குக் காலையில உங்க அம்மா எத்தனை மணிக்கு எந்திரிச்சாங்க? தெரியாதுல்ல? ஏழு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்கும் தெரியாது.

நமக்கு ஊரு பாளையங்கோட்டை. அம்மாவுக்கு ஒரு ஆபீஸ்ல கணக்குப் பிரிவு. காலையில ஒன்பதரைக்கு நாற்காலியில உட்கார்ந்தா சாயந்திரம் அஞ்சே முக்காலுக்குத்தான் எந்திரிக்கணும். நடுவுல எழுந்தா ஒண்ணு ஃபைல் எடுக்க, இல்லைன்னா டிபன் பாக்ஸ் கழுவ. போன சித்திரை மாசம் அவங்க ஆபீஸ்ல ஒரு மெடிக்கல் கேம்ப் போட்டாங்க. எல்லாரும் கையை நீட்டுறாங்களேன்னு அம்மாவும் நீட்டிட்டு வந்துட்டாங்க. ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து ஃபிரிட்ஜ் மேல வெச்சது மூணு நாள் அங்கேயே கிடந்துச்சு. கரன்ட் பில்லுன்னு நினைச்சு நான்தான் பிரிச்சேன்.

உயரம் 155 சென்டிமீட்டர். எடை 72 கிலோ. ஹெச்.பி.ஏ.1.சி. 6.1.

(இதையெல்லாம் எழுதலாமான்னு அம்மாகிட்ட முறைப்படி அனுமதி வாங்கியாச்சு. "எடையப் போட்டுக்கோல. வயச மட்டும் போட்ட... அப்புறம் சோத்துக்கு இந்தப் பக்கம் வராத!" என்பது நிபந்தனை.)

அந்த ஹெச்.பி.ஏ.1.சி.ங்கிறது, கடந்த ரெண்டு மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை சராசரியா எப்படி இருந்துச்சுன்னு போட்டுக் கொடுக்குற டெஸ்ட். டெஸ்ட் எடுக்குறதுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாத்த முடியாது. நம்ம இன்டெர்னல் மார்க் மாதிரி, மொத்த ஜாதகமும் அதுல இருக்கும். 5.7க்குக் கீழே இருந்தா நார்மல். 6.5-ஐத் தொட்டா சர்க்கரை நோய். நடுவுல இருக்குறவங்க மதில் மேல் பூனை. அம்மா மதிலுக்கு நட்ட நடுவுல உட்கார்ந்திருந்தாங்க.

எங்க வீட்டுல அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஆச்சிக்கு சர்க்கரை. கால்ல முள்ளு குத்தின புண்ணு ஆறாம கிடந்து, கடைசியில ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. நான் அப்போ ஆறாங்கிளாஸ். தினமும் ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி அம்மாதான் தரையில உட்கார்ந்து, ஆச்சி காலைத் தூக்கி மடியில வெச்சு, துடைச்சுக் கட்டுப் போடுவாங்க. அந்த மருந்து வாசத்தோடதான் நானும் தங்கச்சியும் ஸ்கூலுக்குக் கிளம்புவோம்.

ரிப்போர்ட்டோட போய் நின்னேன். "எம்மா, இதப் பாத்தியா?"

"பாத்தேன். எங்க அம்மைக்கு நான் கட்டுப் போட்டேன். எனக்கு யாருல போடுவா?"

பதிலுக்கெல்லாம் காத்திருக்கலை. தோசைக் கல்லுல எண்ணெய் தடவப் போயிட்டாங்க.

இது எங்க வீட்டுக் கதை மட்டும்னு நினைச்சிடாதீங்க. 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15-லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 40.4 சதவிகிதம் பேர் எடை கூடினவங்க. அதுக்கு முந்தின ஆய்வுல அது 30.9. ஒரு ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் நடுவுல கிட்டத்தட்ட பத்து சதவிகிதப் புள்ளி எகிறியிருக்கு. நம்ம ஆட்களுக்கு உடம்பு வாகே தனி. பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே நம்ம ஊர் டாக்டர்கள் கவனிக்கச் சொல்றாங்க. அம்மாவோடது 30.

உடனே வீட்டுல அவசரக் கூட்டம். ஆளாளுக்கு ஐடியா மணி ஆனோம். தங்கச்சி ஓட்ஸ்னா. சித்தி போன்ல கொள்ளு ரசம்னாங்க. அப்பா, "தவணையில ஒரு டிரெட்மில் வாங்கிப் போட்டுருவோமா?"ன்னாரு. சித்தி வீட்டு டிரெட்மில்லுல ஈரத் துணி காயுறதை நாங்க எல்லாரும் நேர்ல பார்த்திருக்கோம், அதனால அந்தத் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. நான் மட்டும் லேசுப்பட்டவனா? "ஜிம்ல சேர்த்து விடுறேன்"னு கெத்தா கிளம்பிப் போனேன். எங்க ஏரியா ஜிம்ல லேடீஸ் பேட்ச் எப்போன்னு நினைக்கிறீங்க? காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு! வேலைக்குப் போற எந்த அம்மா பத்து மணிக்கு வந்து சைக்கிள் மிதிப்பாங்க? கேட்டேன். "சாயந்திரம் மூணு டு அஞ்சும் இருக்கு தம்பி"ன்னாரு அண்ணாச்சி. பல்பு வாங்கிட்டு வந்து சேர்ந்தேன்.

ஆக, நடை. காசு கேட்காது, பேட்ச் டைம் பார்க்காது. வாரத்துக்கு 150 நிமிஷத்துலேர்ந்து 300 நிமிஷம் வரைக்கும் உடம்பு வேகமா அசையணும்னு 2020-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், வாரத்துல அஞ்சு நாள் நடந்தா 225. பாஸ் மார்க்குக்கு மேலேயே!

அப்பா மட்டும் பேப்பரை இறக்காமலே ஒரு கேள்வி போட்டாரு. "நாள் பூரா வீட்டு வேலை செய்யுதா. அதுவே எக்சர்சைஸ்தான?"

நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். ஆனா பாருங்க, சமையல்ங்கிறது நின்ன இடத்துலயே நிக்குறது. கால் வலிக்கும், முதுகு வலிக்கும், இதயத் துடிப்பு மட்டும் ஏறவே ஏறாது. உங்க அம்மாவுக்கு உடற்பயிற்சி தர்ற வேகம் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஈஸியான வழி இருக்கு. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. சாம்பார் கொதிக்கும்போது எங்க அம்மா தாராளமா பாடுவாங்க. கேஸ் குளோஸ்டு!

முதல் நாள் காலை அஞ்சே கால். நைட்டி மாத்தி, சேலை கட்டி, ஹவாய் செருப்பு மாட்டி, கையில ஒரு மஞ்சப் பையோட அம்மா வாசல்ல நிக்குறாங்க. பாடிகார்டு வேலைக்கு நானும் கண்ணைக் கசக்கிட்டு நிக்குறேன்.

"வாக்கிங்குக்குப் பை எதுக்கும்மா?"

"சும்மா இரு."

தெருமுனை திரும்பினதும் காரணம் தெரிஞ்சுது. வாசல் தெளிச்சுட்டிருந்த அத்தை ஒருத்தங்க வாளியைக் கீழே வெச்சுட்டு, "என்ன மைனி, காலங்காத்தால மவனையும் கூட்டிட்டு எங்க போறிய?"

அம்மா பையைத் தூக்கிக் காட்டினாங்க. "உழவர் சந்தைக்கு."

மகாராஜ நகர் உழவர் சந்தைக்கு அந்நேரம் கீரைக்கட்டும் வெண்டைக்காயுமா வண்டி வந்து இறங்கிட்டிருக்கும். அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, நடக்குறது என்ன குத்தமா? சந்தைக்குப் போனா அது குடும்பத்துக்கான வேலை. சும்மா கையை வீசிட்டு நடந்தா அது தனக்கான வேலை. அந்த ரெண்டாவதைத் தெருவுக்கு முன்னாடி ஒத்துக்க அம்மாவுக்கு அப்படி ஒரு கூச்சம். அஞ்சு வாரம் எங்க வீட்டுல தினம் கீரைதான். ஆறாவது வாரம் அப்பா, "இது மாட்டுக் கொட்டாயா, வீடா?"ன்னு கேட்டாரு.

ஹவாய் செருப்போட நடந்ததுல நாலாம் நாளே குதிகால் வலி. ஷூ வாங்கப் போனா, விலைச் சீட்டைப் பார்த்துட்டுக் கீழே வெச்சுட்டாங்க. "எனக்கு என்னத்துக்கு இவ்வளவு? நீ பிளஸ் டூவுல போட்ட ஷூ கெடக்குல்லா, அதுல துணி திணிச்சுக்கிடுதேன்." எனக்கு டென்ஷன். ஏன்னா அந்தப் பிளஸ் டூ ஷூவை, ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரே ஒரு நாள் போட, இதை விட அதிக விலைக்கு வாங்கிக் கொடுத்ததே அம்மாதான். அன்னிக்கு நான் விலைச் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கலை. ஷூ வாங்காம கடையை விட்டு வெளியே வர மாட்டேன்னு சத்தியாக்கிரகம் பண்ணி, ஒருவழியா வாங்க வெச்சேன். சேலைக்கு ஷூவா, தெருவே சிரிக்கும்னு சுடிதாருக்கு மாற இன்னொரு வாரம் ஆச்சு.

இந்த இடத்துல என் வீரத்தைப் பத்தியும் சொல்லிடணும். பாடிகார்டு மூணே நாள்ல ராஜினாமா பண்ணிட்டான். தூக்கம் பாஸ்! அதுக்கப்புறம் தெரு நாய்களைச் சமாளிக்க அம்மா கையில ஒரு குச்சி. கழுத்துச் சங்கிலியைக் கழட்டி வெச்சுட்டு ஒரு மஞ்சக் கயிறு.

படிக்கிறது இன்ஜினீயரிங்கா, அதனால சும்மா இருக்க முடியுமா? எக்செல் ஷீட் போட்டேன். அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர்! தேதி, வந்தது, வராதது, வராததுக்குக் காரணம். முதல் முப்பது நாள் முடிஞ்சுது. நடந்தது 11 நாள். 36.7 சதவிகிதம். நம்ம காலேஜா இருந்தா ஹால் டிக்கெட் கிடையாது, அப்பாவைக் கூட்டிட்டு வரணும்!

கலாய்க்கலாம்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். "மேடம், உங்களுக்கு அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜ். ஹெச்.ஓ.டி.யைப் போய்ப் பாருங்க."

அம்மா கையைத் துடைச்சுட்டுக் குனிஞ்சு படிச்சாங்க. சிரிக்கலை. கடைசி காலத்துல நான் டைப் பண்ணி வெச்சிருந்த காரணங்களை ஒவ்வொண்ணா விரலை வெச்சுப் படிச்சாங்க. 'அப்பாவுக்கு அஞ்சு மணிக்கு ரயில்.' 'மாவு புளிச்சிரும், இட்லி ஊத்தணும்.' 'தங்கச்சிக்கு ஸ்பெஷல் கிளாஸ், ரெட்டை ஜடை.' 'பெரியப்பா வந்திருக்காங்க.' 'தண்ணி வந்துச்சு.' 'எனக்கு செமஸ்டர் எக்ஸாம், டீ.' அந்த 'எனக்கு' நான்தான். மூணு தடவை இருந்துச்சு.

பத்தொன்பது வரி. முழுசாப் படிச்சு முடிச்சுட்டு, "இதுல நான் ரெண்டு எடத்துலதாம்ல இருக்கேன்"னாங்க. ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் அலுப்பு. மிச்சம் பதினேழும் நாங்க.

லேப்டாப்பை மூடிட்டு வந்துட்டேன். கலாய்க்க வந்தவன் கலங்கிப் போய் உட்கார்ந்தேன்னு சொன்னா ஓவரா இருக்கும். ஆனா அன்னிக்கு நைட்டு தூக்கம் லேட்டாதான் வந்துச்சு.

அரசாங்கமே இந்தக் கணக்கை எடுத்து வெச்சிருக்கு தெரியுமா? 2024-ல நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வுல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யுற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம் செலவு பண்றாங்க. ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88-ம், வீட்டு வேலை செய்யுற ஆண்களோட சராசரிதான். கையே வைக்காத மகராசனுங்க அந்தக் கணக்குல சேர்த்தியே இல்லை. 289-ஐ அறுபதால வகுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். அதுக்கு மேல எட்டு மணி நேரம் ஆபீஸ். அம்மாவுக்குத் தேவைப்பட்டது கொள்ளு ரசமும் இல்லை, டிரெட்மில்லும் இல்லை. 45 நிமிஷம். அதை வெச்சிருந்தது நாங்க மூணு பேர்.

மறுபடி கூட்டம். இந்தத் தடவை ஷீட்டை அப்பாகிட்ட காட்டினேன். ரயில் விவகாரம் மூணாவது வரியிலேயே இருந்ததால அவரு பேப்பரை முழுசா இறக்க வேண்டியதாச்சு. முடிவு: அஞ்சே காலுலேர்ந்து ஆறு வரைக்கும் வீட்டுல அம்மா கிடையாது. ஊருக்குப் போயிருக்குறதா நினைச்சுக்கணும். பால் காய்ச்சுறதும் இட்லி ஊத்துறதும் அப்பா. ஜடை தங்கச்சி சொந்தப் பொறுப்பு. குக்கர், நான்.

சிரிக்காதீங்க. குக்கர்ங்கிறது சாதாரண விஷயம் இல்லை. முதல் நாள் பருப்பை வெச்சுட்டு போனை நோண்டிட்டிருந்தேன். எத்தனை விசில் வந்துச்சுன்னு எண்ண விட்டுப் போச்சு. மூணா, அஞ்சா? தங்கச்சிகிட்ட கேட்டா, 'எனக்கு ஜடை வேலை இருக்கு'ன்னா. சந்தேகத்துக்கு இன்னும் ரெண்டு விட்டேன். திறந்து பார்த்தா பருப்பு இல்லை, பசை. ரெண்டாம் நாள் ரப்பர் வளையம் போட மறந்து விசிலே வரலை. மூணாம் நாள் தண்ணி ஊத்த மறந்தேன். அதைப் பத்தி இங்க விரிவா எழுதக் கூடாதுன்னு வீட்டுல தடையுத்தரவு. அப்பாவோட இட்லி ஒரு மாதிரி கட்டிடப் பொருளா வந்துச்சு. ரோட்டுலேர்ந்து அம்மா போன் பண்ணி, "கேஸை அணைச்சியால? பாலு பொங்குதா பாரு"ன்னு கமென்ட்ரி கேட்டுட்டே நடந்தாங்க. உடம்பு சந்தையில, உசுரு அடுப்புல.

ஒரு வாரம் கழிச்சு போன் வர்றது நின்னுச்சு. நாங்க தேறிட்டோம்னு இல்லை, பழகிட்டாங்க. இன்னொரு மாசம் கழிச்சு ஒரு நாள் பார்த்தா, மஞ்சப் பை ஆணியிலேயே தொங்குது. ஆளு கிளம்பிப் போயாச்சு!

இதுக்கெல்லாம் எங்களுக்கு யாரும் கை தட்ட வேண்டாம். இருபது வருஷமா அந்த விசிலை எண்ணினவங்களுக்கு நாங்க யாரும் கை தட்டலை.

இனிமேதான் நான் பண்ணின பெரிய தப்பு வருது.

மூணு மாசம் ஒழுங்கா நடந்தாச்சு. வாரத்துக்கு அஞ்சு நாள் குறையாம. ஒரு ஞாயித்துக்கிழமை மருந்துக் கடை வாசல்ல இருக்குற எடை மெஷின்ல ஏத்தினோம். 70.8. அம்மா இறங்கி, செருப்பைக் கழட்டிட்டு மறுபடி ஏறினாங்க. 70.6. நான் வாய வெச்சுட்டு சும்மா இருந்திருக்கணும். "என்னம்மா... மூணு மாசத்துக்கு ஒரு கிலோவா? மெஷினே சிரிக்கும்!"

அடுத்த ரெண்டு நாள் அஞ்சே காலுக்கு வாசல் கதவு திறக்கலை. அடுப்படியில லைட்டு எரிஞ்சுது. குக்கர் பக்கத்துல நான் போனா, "தள்ளு, நான் பாத்துக்கிடுதேன்"னாங்க. அந்த மாதிரி கஷ்டம் எனக்கு அரியர் வந்தப்பகூட வந்ததில்லை.

ரெண்டாம் நாள் ராத்திரி ஒரு பேப்பரை எடுத்து, நான் முதல்லயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். நீங்களும் உங்க அம்மா எடையை வெச்சுப் போட்டுப் பாருங்க, வெறும் பெருக்கல்தான். 72 கிலோ உள்ள ஒருத்தர் முக்கால் மணி நேரம் நல்ல வேகத்துல நடந்தா, சும்மா உட்கார்ந்திருக்குறதை விடக் கூடுதலா எரியுறது சுமார் 135 கலோரி. வாரத்துக்கு அஞ்சு நாள்னா 675. உடம்புக் கொழுப்புல ஒரு கிலோ கரையணும்னா கிட்டத்தட்ட 7,700 கலோரி வேணும். வகுத்தா 11 வாரத்துக்குக் கொஞ்சம் மேல. அதாவது மூணு மாசம் நடந்தா, சாப்பாட்டை மாத்தாத பட்சத்துல, ஒரு கிலோ. அம்மா தோற்கலை. ஃபார்முலாவுல என்ன வரணுமோ அதை டெசிமல் சுத்தமா கொண்டு வந்திருக்காங்க! 'ஒரே மாசத்துல பத்து கிலோ'ன்னு போஸ்டர் ஒட்டுறவங்களைத்தான் உட்கார வெச்சு இந்தக் கணக்கைப் போடச் சொல்லணும்.

பேப்பரை நீட்டினேன். வீட்டுல கணக்குப் பிரிவு அம்மாதானே, ஒவ்வொரு வரியா சரி பார்த்தாங்க. "அப்ப எடை குறையணும்னா சாப்பாட்டுல கை வெக்கணும்ங்கிய."

"ஒரு நாளைக்கு மூணு டம்ளர் காபி. டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன்னா, மொத்தம் 30 கிராம் சர்க்கரை. கிராமுக்கு நாலு கலோரி. 120. அதை நிறுத்தினாலே கிட்டத்தட்ட இன்னொரு வாக்கிங் போன கணக்கும்மா."

"காபியில கை வெச்ச, பாத்துக்கோ!" நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு டம்ளருக்கு அரை ஸ்பூன்னு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. ராத்திரி தோசைக்கு எண்ணெயும் குறைஞ்சுது. சாதத்தைக் குறைச்சு பயறு, சுண்டல்.

ஆனா எனக்கு வேற ஒரு கேள்வி குடைஞ்சுட்டே இருந்துச்சு. ஆச்சி பயம் எடையைப் பத்தினது இல்லையே, சர்க்கரையைப் பத்தினதுதானே? தேடினப்போ நம்ம சென்னையிலேயே நடந்த ஒரு ஆராய்ச்சி சிக்குச்சு. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தி, 2006-ல முடிவு வெளியான 'இந்திய சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம்'. அம்மா மாதிரியே மதில் மேல இருந்த 531 பேர். ஒரு பிரிவை அப்படியே விட்டாங்க. இன்னொரு பிரிவுக்குச் சாப்பாட்டு ஆலோசனை, தினமும் குறைஞ்சது அரை மணி நடை. மூணு வருஷத்துல, சும்மா விட்ட பிரிவுல 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துருச்சு. நடந்த பிரிவுல 39.3. இதுல செம விஷயம் என்னன்னா, நடந்தவங்களோட எடையில பெருசா மாற்றமே இல்லை! மெஷின் முள்ளு நகரலை, ஆனா உள்ளே ஏதோ சரியாகியிருக்கு. நடக்கும்போது கால் தசை ரத்தத்துல இருக்குற சர்க்கரையை இழுத்துச் செலவழிக்குது. நடந்து முடிச்ச பிறகும் இன்சுலின் பேச்சைக் கொஞ்சம் நல்லா கேட்குது. மருந்துக் கடை மெஷினுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?

நடந்தவங்கள்லயும் நூத்துக்கு 39 பேருக்கு வந்திருக்கேன்னு அம்மா கேட்டாங்க. வந்திருக்குதான். இது கியாரன்டி கார்டு இல்லை.

மூணாம் நாள் அஞ்சே காலுக்குக் கதவு திறந்துச்சு.

புரட்டாசி கடைசியில மறுபடி ரத்தம் கொடுத்தாங்க. ரிசல்ட் வாங்க நானும் போனேன். என் செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட அப்படிக் கை சில்லிட்டதில்லை. 5.8. மதில்லேர்ந்து இன்னும் இறங்கலை, ஆனா நம்ம பக்கம் நகர்ந்தாச்சு. எடை 69.5. டாக்டர், எடை மெதுவா வரட்டும், நடையை விட்டுடாதீங்க, வாரத்துல ரெண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கன்னு சொன்னாரு. அதனால இப்போ எங்க வீட்டு ஹால் சுவரை அம்மா ரெண்டு கையாலயும் தள்ளிட்டிருக்குற காட்சியை நீங்க காணலாம். நாற்காலியில கை ஊணாம உட்கார்ந்து உட்கார்ந்து எந்திரிக்கிறது இன்னொரு ஐட்டம். நான் பதினஞ்சுல மூச்சு வாங்கிட்டேன், அம்மா இருபது. ஆபீஸ்லயும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் வராண்டாவுல மூணு பேர் நடக்குறாங்களாம். சாப்பிட்ட கையோட நடந்தா, ஏறப் போற சர்க்கரை அவ்வளவு ஏறாது. ஃபைல் எடுக்கப் போற மாதிரி கையில ஒரு ஃபைலோட நடக்குறாங்களாம். மஞ்சப் பை அங்க இப்போதான் ஆரம்பம்!

அப்பாவோட இட்லி இப்போ இட்லியாவே வருது. எனக்கு மூணாவது விசிலுக்குத் தானா தலை திரும்புது. எக்செல் ஷீட் இப்போ என் கையில இல்லை. அம்மா அதை ஒரு டைரியில கட்டம் போட்டு அவங்களே எழுதிக்கிறாங்க. நேத்து இந்தப் பகுதிக்காகக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். ஐப்பசி மாசத்துல ஏழு நாள் லீவு. நாலு நாள் 'மழை'. ரெண்டு நாள் 'காய்ச்சல்'. எங்க மூணு பேர் பேரும் எங்கயும் இல்லை.

ஏழாவது கட்டத்துல ஒரே ஒரு வார்த்தை. 'சும்மா'.

"இது என்னம்மா?"

"மழ இல்ல, காய்ச்ச இல்ல. நல்லாத் தூக்கம் வந்துச்சு, போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டேன். ஏன், போடக் கூடாதா?"

"தாராளமா போடலாம்மா."

"அப்ப டைரியக் குடு. அங்க எத்தன விசில் ஆச்சுன்னு பாரு, நாலாவது கேக்குது!"